புள்ளி வைத்த பெயருக்கு வேலை இல்லை

குறித்த வேலையைக் குறித்த நேரத்தில் தானே தொடங்கிவைக்கும் கிரான் என்னும் மென்பொருள், தன் அமைப்புக் கோப்பில் காணும் எல்லாப் பிழைகளையும் நிர்வாகிக்குத் தெரிவிப்பதில்லை. சென்ற வாரம் நியூசிலாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு சர்வரின் நள்ளிரவு பேக்கப் நெடுநாளாக நடக்கவேயில்லை என்பது வெளிப்பட்டதையும், அந்த வேலைக்குரிய கோப்பின் பெயரில் ஒரு புள்ளி இருந்ததையும் பதிவு செய்ய வேண்டியுள்ளது. எச்சரிக்கை வராதவரை எல்லாம் நலமே என்று இருந்த நிர்வாகிகளைக் குறை கூறுவதற்கில்லை. அவ்வாறு இராதவர் இத்துறையில் எவருமிலர். அவ்வூரின் ஓவைராக்கா எரிமலைக் குன்று பல்லாயிரம் ஆண்டுகளாக வாய் திறவாதிருப்பது நற்செய்தி. கிரான் வாய் திறவாதிருப்பது அத்தகையதன்று.

1987இல் பால் விக்ஸி எழுதிய கிரானைத் தழுவிய டெபியன் லினக்ஸ் வடிவம், கிரான்டேப் என்னும் கட்டளை வழியாகத் திருத்துவோரிடம் பிழையை உடனே சுட்டிக்காட்டி, மீண்டும் திருத்த விருப்பமா என்று பணிவாகவே வினவுகிறது. ஆனால் கிரான்.டி என்னும் அடைவில் நேராக வைக்கப்படும் கோப்பில் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை ஆகிய ஐந்தில் ஒன்று பிழைபட்டாலும், கடைசி வரிக்குப்பின் வரிமுறிவு விடுபட்டாலும், கோப்பு முழுவதையும் ஒதுக்கிவிட்டு, எவரும் படிக்காத பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறது. கோப்பின் பெயரில் புள்ளி இருந்தாலோ அந்த ஒரு வரியும் இல்லை. அடைவின் பெயரிலேயே புள்ளி இருப்பது அதற்கு உறுத்துவதில்லை.

தலைப்பெழுத்தோடு வாழும் தமிழரால் இது பொறுக்கத்தக்கதன்று. உ. வே. சாமிநாதையர் கோப்பாகப் பிறந்திருந்தால் இரு புள்ளிகளின் பொருட்டு ஒதுக்கப்பட்டு, 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியிராது. சி. சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியிருக்க மாட்டார். தி. ஜானகிராமன் ஒரே புள்ளியில் வீழ்ந்திருப்பார். மூன்று புள்ளிகள் கொண்ட க.நா.சு.வின் நிலையைச் சொல்லவே வேண்டாம். கல்கியும் புதுமைப்பித்தனும் மட்டும் நாள்தோறும் தவறாது இயங்கியிருப்பர். இலக்கிய வரலாறும் மெலிந்து, மாணவர்க்கு எளிதாயிருக்கும். வெளிநாட்டுப் படிவங்கள்கூடத் தலைப்பெழுத்தை விரித்தெழுதச் சொல்லி வதைக்குமேயன்றி, ஆளே இல்லை என்று சாதிப்பதில்லை. மென்பொருளைப் புதுப்பிக்கையில் மிஞ்சும் பழைய நகல்களின் பெயரில் புள்ளி இருப்பதால், அவை தவறி இயங்கிவிடாதிருக்கவே இந்த விதி உதவுகிறது என்பர். ஒதுக்குவது நியாயமே, ஒதுக்கியதைச் சொன்னால் என்ன?

வேலை நடந்தால் அதன் வெளியீட்டை மின்னஞ்சலில் அனுப்புவது கிரானின் வழக்கம். அஞ்சல் அனுப்பும் மென்பொருள் சர்வரில் இல்லையெனில், அது நிறுவப்படாததால் வெளியீடு வீசப்படுகிறது என்று அதே பதிவேட்டில் முறைப்படி குறித்துவைக்கிறது. வீசியதைக்கூடக் குறிக்க மறவாத இந்த ஒழுங்குக்கு, ஒரு புள்ளியைப் பற்றி ஒரு வரி எழுதத்தான் மனம் வரவில்லை.