கொண்டை ஊசி வளைவில் ஜிபிஎஸ்

கேள்வி: பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி, ஜிபிஎஸ் பார்த்தபடியே கொல்லிமலை ஏறலாமா? மேலே சிக்னல் கிடைக்காதாமே?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: தாராளமாக ஏறுங்கள், அந்தப் ‘பார்த்தபடியே’ மட்டும் வேண்டாம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றும் உங்கள் இரண்டு கண்களையும் முழுசாகக் கேட்கும். திரைக்குப் பங்கு தராது. மலை மேலே சோளக்காடு சேர்ந்ததும் ஓரங்கட்டிப் பாருங்கள்.

சிக்னல் கவலை பாதிதான் சரி. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்கு செல்போன் டவர் தயவு எதற்கு? நாலு செயற்கைக்கோள்களின் அலை கிடைத்தால் போன் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். டவர் இல்லாவிட்டால் வராமல் போவது வரைபடம்தான். அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரிய கவலை போனைப் பற்றித்தான். சக்திவாய்ந்த பைக் இன்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. கை நடுக்கத்தைச் சமன்செய்ய லென்ஸை அசைக்கும் நுட்பமான அமைப்புக்குத்தான் அடி. அதிர்வைத் தாங்கும் மவுன்ட் வாங்குங்கள். அல்லது வழி காட்டும் வேலையைப் பழைய போனிடம் கொடுங்கள். ஆகாய கங்கை அருவியைப் படமெடுக்க, நல்ல போன் சட்டைப்பையிலேயே வரட்டும்.