டவர் கெடைக்கலையா மருமவனே?

வாரும் மருமவனே, வாரும். திண்ணையில அந்தத் துண்டத் தட்டிப் போட்டு உக்காரும். விடிஞ்சதுலருந்து மேலநீலிதநல்லூர் பூராவும் உம்ம பேச்சுத்தான். கழுத்துல தூரக்கண்ணாடியும் கையில போனுமா ஒரு மணி நேரம் குளத்துக்கரை ஆலமரத்தடியில அண்ணாந்துக்கிட்டு நின்னீராமே! காட்டு வேலைக்குப் போன பொம்பளைக, "பாவம், மெட்ராஸ்லருந்து வந்த பிள்ள, டவர் கெடைக்காமத் தவிக்குது"ன்னு பேசிக்கிட்டாளுக. "இல்ல தாயி, அவரு எந்தப் பறவ கத்துதுன்னு பேரு கேட்டுக்கிட்டு நிக்காரு"ன்னு நாந்தான் உம்ம மானத்தக் காப்பாத்துனேன். அதுக்கு ஒருத்தி, "காக்கா, காக்கான்னுதான கத்துது? அதுகிட்டயே கேக்கப்படாதா?"ன்னுட்டுப் போயிட்டா.

அதுக்கு மேல சொல்லப் புத்தி ஏது? இருந்தாலும் கெழவன்னு ஒருத்தன் திண்ணையில உக்காந்துட்டா நாலு சொல்லாம வாய மூட முடியாதுல்லா. கேளும்.

நீரு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீரு. மயில் அகவும், குயில் கூவும், காகம் கரையும், ஆந்தை அலறும், கூகை குழறும். ஒப்பிச்சு, மார்க்கும் வாங்கியிருப்பீரு. ஆந்தைக்கு ஒரு சொல்லு, கூகைக்கு ஒரு சொல்லுன்னு பிரிச்சு வச்சவன் ராத்திரி முழிச்சிருந்து காதக் கொடுத்தவன் மருமவனே. அவன் கேட்டான், நீரு எழுதிட்டு வந்தீரு. அகவுததும் அலறுததும் காதுல ஏறுமுன்ன பரிச்ச முடிஞ்சு போச்சு.

இப்பம் அதுக்குப் பதிலா ஒரு பெட்டிய வாங்கியிருக்கீரு. எம்பேத்திதான் வெவரம் சொன்னா. அமெரிக்காவுல கார்னெல்னு ஒரு பல்கலைக்கழகம், அங்கன செஞ்ச மெர்லின் செயலியாம். 2021-லதான் சத்தத்துக்குப் பேரு சொல்லுத வித்தையப் படிச்சிருக்கு. எப்படிச் சொல்லுது தெரியுமா? சத்தத்த அப்படியே கோலமாப் போட்டுருமாம். கீச்சுன்னா கோடு மேல ஏறும், கட்டைக்குரல்னா கீழ எறங்கும். அந்தக் கோலத்தப் பாத்துத்தான் இது இன்ன பறவன்னு சொல்லுதாம். எனக்குச் சிரிப்புத் தாங்கல. செவிடன் காதுல சங்கு ஊதுவாக, கேட்டிருக்கேன். நீரு செவிடங்கிட்டப் போயி, சங்கு எந்த ராகம்னு கேக்கீரு!

சரி, படிக்கணும்னு வந்துட்டீரு. ஒரே நாள்ல ஊரையே மனப்பாடம் பண்ண நெனைக்காதீரும். சங்கரன்கோயில் ஆடித்தபசுக் கூட்டத்துல ஆயிரம் அம்மாக்காரி ஆயிரம் பேரச் சொல்லிக் கூப்பிடுதா. தொலைஞ்ச பிள்ளைக்குத் தன் ஆத்தா கொரலு மட்டும் எப்படிவே தெரியுது? அது இலக்கணமா படிச்சிருக்கு? தெனமும் கேட்ட கொரலு, அம்புட்டுத்தான். அதனால ஒரு மாசத்துக்கு ஒரு பறவ. மத்ததெல்லாம் கூட்டம்னு விட்டுரும்.

முதல்ல குக்குறுவானப் பிடிச்சுக்கிடும். பச்சை ஒடம்பு, நெத்தியில செவப்பு, சிட்டுக்குருவியவிடக் கொஞ்சம் பருமன். ஆலமர உச்சியில உக்காந்து, செம்புக்குடத்தத் தட்டுத மாதிரி குக், குக், குக்னு வெயில்லயும் விடாமத் தட்டும். தட்டும்போதே தலைய இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பும். உமக்கு நாலு மரத்துலருந்து நாலு பறவ கத்துத மாதிரி இருக்கும். நீரும் நோட்டுல நாலுன்னு எழுதிட்டு வந்துருவீரு. தலையெண்ணிப் பழகாதவன் ஆட்டுக்கெடைக்குக் காவல் போன கதை ஆயிரும்.

அடுத்து குயிலு. குக்கூன்னு படிப்படியா ஏத்திக்கிட்டே போறது கரிய ஆம்பள. பொம்பளக் குயிலு பழுப்பு ஒடம்புல வெள்ளைப் புள்ளியா இருக்கும், கிக்-கிக்-கிக்குன்னு வெடுவெடுக்கும். ஒரே வீட்டு ஆளுக ரெண்டு பேச்சுப் பேசுதாக. இன்னொரு கூத்தையும் கேளும். குயில்குஞ்சு பொரிக்கது காக்கா கூட்டுல, ஊட்டி வளக்கது காக்கா. ஆனாலும் வளந்தப்புறம் கூவுது பாத்தீரா, சுத்தக் குயில் பாட்டு. யாரும் சொல்லிக்குடுக்கல, பொறப்புலயே வந்தது. நீரு மெட்ராஸ்ல ரெண்டே வருசம் இருந்துட்டு "ஆக்சுவலி மாமா"ங்கீரு. குயிலுக்கு இருக்குத வைராக்கியம் நம்ம வம்சத்துல இல்லாமப் போச்சே!

பாட்டு வேற, கூப்பாடு வேற, அதையும் பிரிச்சுக்கிடும். பாட்டு, "இது என் எடம், எனக்கொரு சோடி வேணும்"னு சொல்லுதது. கூப்பாடு, "எவனோ வாரான்"ங்கது. கூப்பாட்டுக்குன்னே ஒருத்தன் இருக்கான்: ஆள்காட்டி. உளுந்துக்காட்டு ஓரம் சரளைக்கல்லுக்கு நடுவுல சின்னக் குழியில நாலு முட்டை. முட்டையும் கல்லு நெறந்தான், நீரு மிதிச்சாத்தான் தெரியும். தூரத்துல நீரு வரும்போது ஒண்ணு ரெண்டு கத்தலோட நிறுத்தும். கிட்டப் போகப் போக கத்தலு நெருங்கும், தலைக்கு மேல பாஞ்சு பாஞ்சு வரும். அந்த எடத்துல நின்னு படம் பிடிக்காம, வந்த வழியே பைய நடந்துரணும். இங்கிலீசுக்காரன் காதுக்கு அந்தக் கத்தலு "அவனா செஞ்சான்?"னு கேக்குதாம். போலீசு புத்தி! நம்மாளுக அது பாக்குத வேலையையே அதுக்குப் பேரா வச்சிட்டாக.

ஒவ்வொருத்தன் காதுலயும் அவனவன் கவலைதான் கேக்கும் போல. அக்காக்குயில்னு ஒண்ணு, கொரல ஏத்தி ஏத்திக் கூப்பிடும். நமக்கு அது அக்காவத் தேடுது. இந்திக்காரனுக்கு "பீ கஹான்", என் ஆசைக்காரன் எங்கன்னு கேக்குதாம். மராத்திக்காரனுக்கு "மழை வந்துட்டு"ங்குதாம். வெள்ளைக்காரன் மட்டும் அதுக்கு மூளைக்காய்ச்சல் குருவின்னு பேரு வச்சிட்டான். வெயிலு அவன் தலைக்கேறிட்டு. பழி குருவி மேல. நீரும் ஒமக்குத் தோணுத வார்த்தைய வச்சுக்கிடும். எம்புட்டு கோட்டித்தனமா இருக்கோ, அம்புட்டுக்கு மறக்காது.

அதுக்காகக் காத முழுசா நம்பிராதீரும். போன வருசம் எங்க கோழி பத்துக் குஞ்சோட மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வல்லூறு கத்துத சத்தம் கேட்டுச்சு. நான் கம்பத் தூக்கிட்டு ஓடுதேன், கோழி றெக்கைய விரிச்சுக் குஞ்சுகளப் பொத்துது. அண்ணாந்து பாத்தா கரண்டுக் கம்பியில ரெட்டைவாலு கரிச்சான் ஒண்ணு ஒண்ணுந்தெரியாத மாதிரி உக்காந்திருக்கு. வல்லூறு கொரலு மாதிரியே அதுக்கும் ஒரு கொரலு உண்டு. கேட்டதக் கண்ணால பாக்காம சத்தியம் பண்ணக்கூடாதுன்னு அன்னைக்குப் படிச்சோம், நானும் கோழியும்.

சாக்குருவி அலறுனா சாவு விழும்னு உம்ம அத்தை இன்னமும் வெளக்குமாத்த எடுத்துட்டு ஓடுதா. அவளுக்கு நான் சொன்ன கணக்கு இது. வீட்டுல ஒருத்தர் சாகக் கெடந்தா விடிய விடிய லைட்டு எரியும். லைட்டுக்குப் பூச்சி வரும். பூச்சியத் திங்க ஆந்தை வரும். சாவு ஆந்தையக் கூட்டிட்டு வருதே தவிர, ஆந்தை சாவக் கூட்டிட்டு வரல. "அப்பம் நம்ம வீட்டுல ஏன் தெனமும் கத்துது?"ன்னா. நீ தெனமும் பதினோரு மணி வரைக்கும் சீரியல் பாக்கியே, அதுக்குத்தான்னேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு வெஞ்சனம் இல்ல.

நேரம்னு ஒண்ணு இருக்கு. மதியம் ரெண்டு மணிக்கு, ஆடிக்காத்து அடிக்கும்போது போயி நின்னுட்டு, ஊருல பறவையே இல்லைன்னு சொல்லக்கூடாது. விடியக்கருக்கல்ல காத்து அடங்கியிருக்கும், கொரலு நெடுந்தூரம் போகும். இமயமல அடிவாரத்துலருந்து குளிருக்கு நம்ம பக்கம் வந்து தங்குது ஒரு பறவ. விடியவும் அடையவும் ஆறு மணி வாக்குல கூப்பிடும். அதனால அதுக்கு ஆறுமணிக் குருவின்னே பேரு. நீரு எந்திரிக்கது எட்டு மணிக்கு. எந்தச் செயலி வந்து உம்மக் காப்பாத்தப் போகுது?

ஒரு விசயத்துல மட்டும் வெளையாட்டு வேண்டாம். அந்தக் காலத்துல கூண்டுக் கௌதாரியக் காட்டுக்குள்ள வச்சு, சுத்திக் கண்ணி கட்டுவாக. உள்ள இருக்குத சேவல் கூப்பிடும்; "என் எடத்துல எவன்டா?"ன்னு காட்டுச் சேவல் சண்டைக்கு வந்து மாட்டும். 1972-ல காட்டுயிர்ச் சட்டம் வந்தப்புறம் அது குத்தம். நீரு போன்ல கொரலப் போட்டு விடுதீரே, அதுவும் அந்தக் கூண்டு வேலதான்வே. கண்ணி மட்டுந்தான் இல்ல. குஞ்சுக்கு எரை தேட வேண்டிய நேரத்துல, இல்லாத எதிரியத் தேடி அது அலையணுமா?

நம்ம திருநேலியில 1912-ல பொறந்த மா. கிருஷ்ணன் தெரியும்லா, மாதவையா மகன்? 1950-லருந்து 1996-ல கண்ண மூடுத வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில காட்டையும் பறவையையும் எழுதிக்கிட்டே இருந்தவரு. தமிழ்லயும் எழுதுனாரு. அந்தக் கட்டுரைகளத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த புத்தகத்துக்குப் பேரே 'மழைக்காலமும் குயிலோசையும்'. பேத்தி வாசிச்சுக் காட்டுனா. காலத்தையும் ஓசையையும் சேத்து வச்சிருக்காரு பாத்தீரா, அதுதான் பாடமே. எந்த மாசம், எந்த மரம், எந்த நேரம்னு தெரிஞ்சாலே பாதிப் பேரு தெரிஞ்ச மாதிரி.

பொங்கலுக்குத் தமிழ்நாடு பூராவும் பறவைக் கணக்கு எடுக்காகல்லா, 2015-லருந்து? அதுவரைக்கும் உமக்குத் தவணை. அன்னைக்கு நம்ம ஊருலருந்து பத்துப் பறவையக் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லணும். சொல்லிட்டீருன்னா சேவலடிச்சுக் கொழம்பு. இல்லைன்னா சேவல் கூவுதத மட்டும் கேட்டுட்டுப் போகலாம்.

என்ன, எந்திரிச்சிட்டீரு? இரும். அந்த முருங்கைமரத்தப் பாரும். பூவுல தேன்சிட்டு தொத்திக்கிட்டு நிக்குதா? வாயத் தொறந்து தொறந்து மூடுதா? எனக்கும் கண்ணாடி போட்டாத் தெரியுது. ஆனா சத்தம் வரலவே. ரெண்டு வருசமா வரல. ஆள்காட்டி கேக்கு, குயிலு கேக்கு, உம்ம அத்தை ஏசுததும் நல்லாக் கேக்கு. கீச்சுக்கொரலு மட்டும் ஒண்ணொண்ணா கழண்டு போச்சு. வயசானா முதல்ல போறது அதுதானாம்.

அந்தப் பெட்டிய இப்படிக் குடும். கோலம் போடும்னு பேத்தி சொன்னாளே, அத அமுக்கும். ம்… ஓடுதா? மேல சின்னச் சின்னதா புள்ளி விழுதே, அதா?

பாடிக்கிட்டுத்தான் இருக்கு, என்ன.

இத உம்ம அத்தைகிட்டச் சொல்லிராதீரும்.