பழைய குடித்தனக்காரரின் பூட்டு

நீலமும் கறுப்புமாக, முதுகில் இரண்டு கொம்புடன் அலமாரி மேல் உட்கார்ந்திருந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜிஎல் ரவுட்டர் யாருக்கும் எந்தத் தொல்லையும் கொடுக்கவில்லை. வீட்டுக்காரருக்கு அதுதான் தொல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள், அதிலிருந்த டிடி-டபிள்யூஆர்டி மென்பொருளைத் தூக்கிவிட்டு டொமேட்டோவை ஏற்றப்போவதாக அறிவித்தார்.

“தக்காளி நேத்துதானேடா வாங்கினே?” என்றார் அம்மா, சமையலறையிலிருந்து.

இந்தப் பித்துக்குச் சரித்திரம் உண்டு. 2002 கடைசியில் வந்த டபிள்யூஆர்டி54ஜி-க்குள் லினக்ஸ் ஓடுவதை அடுத்த வருடமே சிலர் மோப்பம் பிடித்தார்கள். ஜிபிஎல் உரிமப்படி லிங்க்சிஸ் மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும், கொடுத்தது. அதை வைத்து ஓப்பன்டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ என்று ஃபர்ம்வேர்கள் வரிசையாக முளைத்தன. ஐந்தாம் பதிப்பில் லினக்ஸைக் கழற்றி, நினைவகத்தையும் பாதியாக்கிய நிறுவனம், லினக்ஸ் பிரியர்களுக்காகப் பழைய வன்பொருளையே ‘எல்’ சேர்த்து 2005-இல் மறுபடி விற்றது. 4 எம்பி ஃப்ளாஷ், 16 எம்பி ராம். இன்றைய செல்ஃபோன் படம் ஒன்றே அந்த 4 எம்பிக்குள் நுழைய முரண்டு பிடிக்கும்.

டொமேட்டோ சமர்த்தாக ஏறிவிட்டது. 192.168.1.1 என்று தட்டியதும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. ‘ரூட்’, ‘அட்மின்’. ம்ஹூம். தன் பழைய பாஸ்வேர்டு, மகளின் பிறந்தநாள், கல்யாண நாள். கடைசியதை அவர் தப்பாக அடித்ததை மனைவி பார்த்துவிட்டது தனிக் கதை.

ஃபர்ம்வேர் மாறினாலும் அமைப்புகளைச் சேமிக்கும் என்விராம் தானாக அழிவதில்லை. டிடி-டபிள்யூஆர்டி பாஸ்வேர்டை உருமாற்றி அதில் எழுதி வைத்திருந்தது. டொமேட்டோவோ அந்தக் கிறுக்கலையே பாஸ்வேர்டு என்று நம்பியது. குடித்தனம் மாறியும் கதவில் தொங்கியது பழைய ஆளின் பூட்டு.

மிச்சமிருந்த வைத்தியம் ‘30-30-30’. ரீசெட் பொத்தானை 30 விநாடி அமுக்க வேண்டும்; விடாமல் மின்சாரத்தைப் பிடுங்கி 30; மறுபடி செருகி 30. வீட்டுக்காரர் பேனா முனையால் பொத்தானை அமுக்க, மனைவி பிளக் அருகே நின்று எண்ணினார். இருபத்திரண்டில் குக்கர் விசில் அடித்தது. “எத்தனைல விட்டேன்?” முதலிலிருந்து தொடங்கினார்கள்.

உள்ளே போக முடிந்தது. ஆனால் என்விராமைத் துடைத்ததில் வைஃபை பெயரோடு பிராட்பேண்ட் யூசர் ஐடி, பாஸ்வேர்டும் போயே போச்சு. இணைப்பு கொடுத்தவர் எழுதித் தந்த சீட்டைத் தேடினால், காலண்டருக்குப் பின்னால், சுற்றிலும் பால் கணக்கோடு கிடைத்தது. பாஸ்வேர்டின் கடைசியில் இருப்பது சைபரா, இங்கிலீஷ் ‘ஓ’வா? கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். இரண்டையும் அடித்துப் பார்த்தார். இரண்டும் இல்லை.

அம்மா சீட்டை வாங்கினார். “இதுவா? அன்னிக்குப் பால்காரன் வரலை. நான்தான் முட்டை போட்டேன்.”