கண்ணாடிப் பெட்டிக்குப் பல்லி தேவை

செடி வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு வளர்ப்பதற்கு எந்த ஜாதிப் பல்லி உத்தமம் என்பதைப் பற்றி என்னுடைய முடிவான அபிப்பிராயத்தை இந்தக் கட்டுரையின் கடைசியில் சொல்லிவிடுவதாக உத்தேசம். அதற்கு முன், இந்த விசாரணை என் தலையில் வந்து விடிந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொண்டையில் நிற்கிற கோபம் இறங்காது.

நொய்டாவில் இருக்கிற என் மாப்பிள்ளை, தம்முடைய ஃபிளாட்டில் மேற்கு வெயில் அடித்துப் பாசி கருகிவிடும் என்ற காரணத்தினால், ஆளின் இடுப்பளவு உயரமுள்ள ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து, ஆர்.கே. புரத்தில் எங்கள் கூடத்தில் இத்தனை காலம் ரேடியோ இருந்த அலமாரியின் மேல் ஸ்தாபித்துவிட்டார். சென்ற ஞாயிறன்று வந்தவர் அதை இரண்டு மூன்று தடவை பிரதட்சிணம் செய்துவிட்டு, "செடியெல்லாம் நன்னாப் பிடிச்சுண்டுடுத்து, மாமா. இனிமே உள்ளே ஒரு கெக்கோ விட்டுடலாம். நம்ம கிளைமேட்டுக்கு எது சரிப்படும்னு கொஞ்சம் விசாரிச்சு வையுங்கோ. உங்களுக்குத்தான் டயம் இருக்கே" என்றார். கடைசி வாக்கியத்தை, பென்ஷன் வாங்குகிற வாசகர்கள் தயவுசெய்து இன்னொரு தடவை படிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எதிர்வார்த்தை பேசும் சம்பிரதாயம் எங்கள் குடும்பத்தில் கிடையாது, ஆகவே விசாரிக்கலானேன். விசாரிப்பது எப்படி என்று நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டுமா? ஒரு மிக்ஸி வாங்குவதற்குக் கரோல் பாக்கிலிருந்து மாம்பலம் வரையில் அத்தனை பேரையும் கேட்டுவிட்டு, ஒருவர் சொன்னதையும் வாங்காமல், கடைக்காரன் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வருகிற ஜனங்கள் அல்லவா நாம்!

இந்தப் பெட்டி விவகாரத்துக்கெல்லாம் மூலபுருஷர் நத்தானியேல் பாக்ஷா வார்ட் என்ற ஒரு லண்டன் வைத்தியர். கூட்டுப்புழுவிலிருந்து அந்துப்பூச்சி வெளிவருவதைப் பார்க்க ஆசைப்பட்டு, 1829-ஆம் வருஷம், ஈர மண்ணோடு அதை ஒரு சீசாவில் இட்டு மூடி வைத்தார். மண்ணிலிருந்து பெரணி ஒன்று முளைத்து வந்ததும் மனிதர் பூச்சியை விட்டுப் பெரணியைப் பிடித்துக்கொண்டார். அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் பிற்பாடு ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கடத்தி வந்தார். 1860-ஐ ஒட்டி நீலகிரிக்குச் சிங்கோனா வந்ததும் அதே வாகனத்தில்தான். தேயிலையும் கொயினாவும் ஏறி வந்த பல்லக்கில் இப்பொழுது பாசி சவாரி செய்கிறது. அதற்குத் தினம் இருவேளை தண்ணீர் தெளிக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் உதவாதாம். டெல்லித் தண்ணீரின் உப்பு கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, செடியின் சௌந்தரியத்தை மறைத்துவிடுமாம். ஆகவே எங்கள் வீட்டு ஆர்.ஓ. மிஷினில் சொட்டுச் சொட்டாக வருகிற ஜலத்தில் முதல் பங்கு பாசிக்கு. மிச்சம் இருந்தால் எங்களுக்குக் காபி.

விசாரித்த வரையில் தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லோரும் முதலில் சொல்வது சிறுத்தைப் பல்லி. சாது, இமை கொட்டும், மற்றப் பல்லிகளைப் போலக் கண்ணை நாக்கால் துடைத்துக்கொள்ள வேண்டிய அவஸ்தை இல்லை. ஆனால் அது ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், நம்முடைய வடமேற்கு ஓரம் ஆகிய வறண்ட கல்லாங்குத்து நிலத்துப் பிரஜை. பாசிக்குள் விட்டால் ஈரத்தில் உடம்பு கெடும். பாதத்தில் ஒட்டும் மெத்தை கிடையாதாகையால் கண்ணாடியில் ஏறவும் ஏறாது. செலவழித்து நிறுத்திய கண்ணாடியில் ஏறாத பல்லிக்குப் பெட்டி எதற்கு?

அடுத்தது மடகாஸ்கர் பக்கத்துப் பகல் பல்லி. கிளிப்பச்சை நிறம். அந்த வம்சத்தைச் சேர்ந்ததாக நம்முடைய அந்தமானிலேயே ஒன்று இருக்கிறது. அதைப் பிடிக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டபோது, நம் தேசத்துக் காட்டுப் பிராணியை வீட்டில் அடைத்தால் நம்மை வேறோர் இடத்தில் அடைப்பார்கள் என்று மரியாதையாக எடுத்துச் சொன்னேன். மடகாஸ்கர்க்காரரை வாங்கலாம் என்றால், அவர் சைட்ஸ் உடன்படிக்கையின் அட்டவணையில் இருக்கிறபடியால் 2024-ஆம் வருஷத்து விதிகளின்படி சர்க்காரின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தால் தெரிவிக்க வேண்டும், செத்தால் தெரிவிக்க வேண்டும், கை மாறினால் தெரிவிக்க வேண்டும். ஆயுள் முழுவதும் மத்திய சர்க்காரில் ஃபாரங்களுக்கிடையே காலம் தள்ளிய எனக்கு இந்த ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் உற்சாகம் பிறந்தது என்பதை மறைக்கவில்லை. மாப்பிள்ளைக்குத்தான் உற்சாகம் வடிந்துவிட்டது.

அஸ்ஸாம் பக்கத்து டோக்கேயைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், கடித்தால் விடாத தாடை. எய்ட்ஸ் வியாதிக்கு மருந்து என்று எவனோ கட்டிவிட்ட பொய்யை நம்பி அதைக் கடத்துகிறவர்களைப் போலீஸார் அடிக்கடி பிடிக்கிறார்கள்.

ஆகக் கடைசியாக நிற்பது கொண்டைப் பல்லி. பசிபிக் சமுத்திரத்தில் நியூ கலெடோனியா என்ற பிரெஞ்சுத் தீவு அதன் ஜன்மபூமி. 1866-ல் விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். பிறகு காணாமற்போய், பூண்டற்றுப் போயிற்று என்று எல்லோரும் தீர்மானித்திருந்த சமயத்தில், 1994-ல் திரும்ப அகப்பட்டது. ஈரம் பிடிக்கும், செடி பிடிக்கும், கண்ணாடியில் ஏறும்.

இங்கேதான் மாப்பிள்ளையின் பட்டியலில் முக்கியமான ஒரு யோக்கியதாம்சம் விட்டுப்போயிருப்பதைக் கண்டேன். பல்லி சொல்லுமா, சொல்லாதா? நம்முடைய கிருகங்களில் பல்லிக்கு உள்ள உத்தியோகம், கூடத்தில் யாரேனும் ஒரு வார்த்தை பேசும்போது மேலேயிருந்து 'ச்சு ச்சு' என்று அதை ஊர்ஜிதம் செய்வது. என் தாயார் பேச்சைப் பாதியில் நிறுத்தித் தரையில் விரலால் தட்டி, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்பாள். அதற்குமேல் அந்த விஷயத்தில் அப்பீல் கிடையாது. இந்த மாப்பிள்ளையின் ஜாதகம் வந்த அன்றுகூடப் பல்லி சொல்லிற்று என்று என் மனைவி இன்றளவும் சாதிக்கிறாள். எந்தத் திக்கிலிருந்து சொல்லிற்று என்பதைத்தான் அன்றைக்கு யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அப்படியிருக்க, சிறுத்தைப் பல்லி அநேகமாக ஊமை. டோக்கேயோ ராத்திரி முழுவதும் 'டொக்-கே, டொக்-கே' என்று தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும். சாட்சிக் கூண்டில் ஏறி நின்று தன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவனால் யாருக்கு லாபம்? கொண்டைப் பல்லி கோபம் வந்தால் மட்டும் குரைக்கும் என்கிறார்கள். சரி, குரைத்தது என்றே வைத்துக்கொள்வோம். பெட்டியின் கிழக்குக் கண்ணாடியில் இருந்துகொண்டு, ஆனால் கூடத்தின் மேற்குச் சுவரோரமாகக் குரைத்தால், பஞ்சாங்கத்தில் எந்தத் திக்குக்கு உரிய பலனைப் பார்ப்பது? சொன்னது வீட்டுக்கா, பெட்டிக்கா? விழும் பலன் இன்னும் சிக்கல். தலையில் விழுந்தால் கலகம் என்று சாஸ்திரம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் சந்நிதியில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வந்தவர்களுக்குத் தோஷமில்லை என்பதையும் அறிவோம். ஆனால் மூடிய பெட்டிக்குள் அது விழுந்தால் பெரணியின் தலையில்தானே விழும்? கலகம் பெரணிக்கா, பெரணிக்குத் தண்ணீர் தெளிக்கிற எனக்கா? ஆணுக்கு வேறு பலன், பெண்ணுக்கு வேறு பலன் என்று பிரித்திருக்கிறார்களே, பாசியை எதில் சேர்ப்பது? இதெல்லாம் கிடக்க, நியூ கலெடோனியாக்காரருக்கு எந்தப் பஞ்சாங்கம், வாக்கியமா, திருக்கணிதமா? பிரெஞ்சுப் பிரஜை ஆனபடியால் புதுச்சேரிப் பஞ்சாங்கம் செல்லும் என்று ஒரு நண்பர் மலை மந்திர் படியில் வைத்து அபிப்பிராயப்பட்டார். செல்லட்டும், நேரத்துக்கு என்ன செய்வது? அந்தத் தீவு நமக்கு ஐந்தரை மணி முன்னால் போகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு நமக்கு ராகு காலம் தொடங்குகையில் அதன் பூர்விகத்தில் இரவு பத்து மணி. பத்து மணிக்குக் குரைத்தது சுபமா, நாலரை மணிக்குக் குரைத்தது அசுபமா? இந்த வினாக்களை ஒழுங்காக எழுதிவைத்து மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். "நீங்க ரொம்ப ஹ்யூமரஸ், மாமா" என்று சொல்லிவிட்டு, பெட்டியின் ஈரமானியைத் தட்டிப் பார்த்தார்.

கூடத்து டியூப்லைட்டின் பின்னால், சம்பளமில்லாமல், ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. மஞ்சள் வயிற்றுப் பல்லி. 1835-ல் ருயப்பெல் என்ற ஜெர்மானியர் செங்கடல் கரையில் மசாவாவில் கண்டு வர்ணித்த ஜாதி, டெல்லிச் சுவர்களிலெல்லாம் குடியிருப்பது. ஈசல் வந்து உட்கார்ந்ததும் வாலின் நுனி மட்டும் துடிக்கும். இரண்டங்குலம் நகரும், நிற்கும். பிறகு ஈசல் இல்லை, உதட்டோரத்தில் இரண்டு இறகுகள் மட்டும் இருக்கும். மார்கழியில் மறைந்து, ஹோலிக்குக் கிட்டத்தில் வெளியே வரும். நம்மூர்ப் பல்லியின் வாய்த்துடுக்கு இதற்கு இல்லை. வடக்கத்திப் பழக்கம் போலும். பெட்டிக்கு அளவெடுக்க வந்த மாப்பிள்ளை இதைப் பார்த்து, "சீ, மாமா, இதை முதல்லே விரட்டுங்கோ" என்றார். என் மனைவி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கொண்டைப் பல்லிக்கு இருபத்திரண்டிலிருந்து இருபத்தாறு டிகிரி வேண்டும். முப்பதை எட்டினால் பிராணாபத்து. 2024 மே மாதம் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று பதிவாகி, கருவி மூன்று டிகிரி அதிகமாகக் காட்டிவிட்டது என்று வானிலை இலாகாவே பிறகு தெரிவித்தது நினைவிருக்கலாம். அந்த மூன்றைக் கழித்துக்கொண்டாலும் பல்லி பிழைக்காது. ஆகவே கூடத்துக்கு ஏ.ஸி. வரப்போகிறது. நான் வருஷா வருஷம் கேட்டபோதெல்லாம், "உங்க வாயு உடம்புக்கு ஆகாது, கூலரே போதும்" என்று என் பெண்ணும் அவள் தாயாரும் ஏகமனதாகத் தீர்மானம் போட்ட அதே கூடத்துக்கு! "உங்களுக்கும் சௌகரியமா இருக்கும், மாமா" என்று உம் விகுதியில் என்னையும் சேர்த்துக்கொண்டார், மகராஜன்.

ஆகாரம் சைவம் என்று சொல்லித்தான் என் மனைவியைச் சம்மதிக்க வைத்தார்கள். பழப்பொடியைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் நக்கிக்கொள்ளுமாம். டப்பாவின் பின்புறத்தில் பொடியெழுத்தில் இருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்து நான்தான் படித்தேன்: முட்டை, பூச்சி மாவு. போதாக்குறைக்கு வாரம் ஒரு முறை உயிருள்ள சுவர்க்கோழியையும் கொடுக்க வேண்டுமாம். சுவர்க்கோழிக்குக் காரட் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அதைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பல்லியின் எலும்பு வளைந்துவிடும்.

அந்தப் பொடி வந்துவிட்டது. என் மனைவியின் முழங்காலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த கால்ஷியம் மாத்திரையும் அதுவும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கின்றன, மாத்திரை தீர்ந்துவிட்டது. என் பெண் தினம் சாயங்காலம் போன் செய்து, பெட்டிக்குள் ஈரம் எத்தனை என்று கேட்கிறாள். எழுபது என்று சொல்கிறேன். அம்மாவுடைய முழங்காலைப் பற்றிக் கேட்டால் அதற்கும் ஓர் எண்ணைச் சொல்ல நான் தயாராக இருக்கிறேன்.