ராட்டினம் சுற்றினால் தண்ணீர்

தொண்டு நிறுவன அறங்காவலர் கூட்டத்தில் இரண்டுக்கு நிச்சயம் கைதட்டல் உண்டு: சிரிக்கும் குழந்தையின் படம், ‘இதுவரை நிறுவியவை’ என்ற எண்ணிக்கை. ‘பிளேபம்ப்’ என்ற குடிநீர்த் திட்டம் இரண்டையும் தந்தது. குழந்தைகள் ராட்டினம் சுற்ற, நிலத்தடி நீர் மேல்தொட்டிக்கு ஏறும். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்தத் திட்டத்துக்கு 2006இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள். 2010க்குள் 4,000 ராட்டினங்கள் இலக்கு. தண்ணீர் வருகிறதா என்று கேட்பது அபசகுனம் போலும்.

2009இல் ‘கார்டியன்’ நாளிதழ் கணக்குப் போட்டது: சொன்ன அளவு தண்ணீர் கிடைக்கக் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும். (சாப்பாட்டு நேரம் தனி.) பிள்ளைகள் அலுத்து ஓடிவிட, குனிந்து நிமிர்ந்து சக்கரத்தைத் தள்ளியவர்கள் பெண்கள். பல ஊர்களில் நன்றாக இருந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டுத்தான் இதை மாட்டியிருந்தார்கள்.

அறங்காவலர் பெருமக்களே, படம் பார்த்து முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடம் வைத்ததில் இன்று தண்ணீர் வருகிறதா? போய்ப் பார்த்துவர ஆகும் பணத்தை மட்டும் ‘நிர்வாகச் செலவு’ என்று வெட்டிவிடாதீர்கள்.