சங்கராபரணம் சார்

ஐரோப்பா போகும் எந்தச் சுற்றுலாப் பேருந்திலும் இவர் ஒருவர் இருப்பார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, அல்லது அந்தக் களை உள்ளவர். டிசம்பர் சீசனில், பாடகர் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் பக்கத்து இருக்கைக்காரரிடம் ராகத்தைச் சொல்லிவிடுவாரே, அவரேதான். பாரிஸில் ஈபிள் கோபுரத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். சுவிட்சர்லாந்துப் பனியில் மஃப்ளரோடு முணுமுணுத்தார். வியன்னா வந்ததும் நிமிர்ந்து உட்காருகிறார். மொசார்ட், பீத்தோவன், ஷூபர்ட் என்று ஆளாளுக்கு அங்கே குடியிருந்திருக்கிறார்கள். அத்தனை பேரையும் விசாரித்து ராகம் கண்டுபிடிக்க அவருக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு மதியம்.

ஊர் நடுவே இருக்கிறது ‘ஹவுஸ் டேர் மூசிக்’, 2000-இல் திறந்த இசை அருங்காட்சியகம். வியன்னா பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவை 1842-இல் தொடங்கிய ஓட்டோ நிகோலாய் குடியிருந்த பழைய அரண்மனை அது. வழிகாட்டிப் பெண் இதைச் சொல்லும்போது நம்மவர் அங்கே இல்லை, படிக்கட்டில் இருக்கிறார். அதில் ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்வரம், கால் வைத்தால் ஒலிக்கும். வேண்டாத படியைத் தாண்டி, வேண்டிய படியில் மிதித்து, மேலே போய்த் திரும்பிப் பார்க்கிறார்.

“சங்கராபரணம்! இருபத்தொன்பதாவது மேளம்!”

சும்மா சொல்லக்கூடாது, சரிதான். இவர்களுடைய மேஜர் ஸ்கேல் நம்முடைய சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். இதோடு விட்டிருக்கலாம். ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்தால் கரஹரப்ரியா, காந்தாரத்தை வைத்தால் தோடி என்று கிரகபேதம் காட்டப் புறப்பட்டுவிட்டார். காலையில் ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்து மேட்டில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்த அதே முழங்கால்தான். கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வழிக்காகக் காத்திருக்கிறது.

மாடியில் ஒவ்வொரு மேதைக்கும் ஓர் அறை. பீத்தோவன் அறையில் அவர் பார்ப்பது வருஷத்தை மட்டும்: 1770–1827. “தியாகராஜர் பிறந்தது 1767. மூணு வருஷம் சீனியர். சியாமா சாஸ்திரி காலமானதும் இதே 1827.” இதுவும் சரி. இவரோடு இருக்கும் தொல்லையே இதுதான். தப்பாகச் சொன்னாலாவது சண்டை போடலாம்.

ஹைடன் கதை கேட்டபோது மட்டும் கொஞ்சம் ஆடிப்போனார். 1809-இல் ஹைடன் இறந்ததும், மண்டையோட்டின் மேடுபள்ளத்தில் மேதைமையின் இருப்பிடத்தைத் தேடிய அன்பர்கள் குழிவெட்டிக்குப் பணம் கொடுத்துத் தலையைக் கொண்டுபோய்விட்டார்கள். உடம்போடு அது சேர்ந்தது 1954-இல். அதற்குள் ஒப்புக்கு வைத்திருந்த வேறொரு தலையையும் எடுக்காமல் விட்டதால், ஐசன்ஸ்டட் கல்லறையில் இன்று ஹைடனுக்கு இரண்டு தலை.

“நாம சமாதிக்கு ஆராதனை நடத்தறோம். இவங்க தலையைத் தூக்கிண்டு போயிருக்காங்களே!” என்றார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதி கேட்பாரற்றுக் கிடந்ததையும், பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் கைப்பொருளைப் போட்டு அதைக் கோயிலாக்கியதையும், அப்படியும் ஆராதனையில் பெண்களைப் பாடவிடாமல் இழுத்தடித்ததையும் அவர் சொல்லவில்லை. அந்த அத்தியாயம் அவர் புத்தகத்தில் அச்சாகவில்லை போலும்.

மொசார்ட் அறையில் இன்னொருவர் வந்து சேர்ந்துகொண்டார். அவர் இளையராஜா கட்சி. ராஜா தன் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் தியாகராஜருக்கும் சமர்ப்பித்ததில் பேச்சைத் தொடங்குபவர். நாற்பதாவது சிம்பொனியை ஹெட்போனில் கேட்டார்கள்.

“நடபைரவி,” என்றார் நம்மவர்.

“காகலி நிஷாதம் கேட்கலையா சார்? கீரவாணி!”

விவாதம் முடிவதற்குள் சிம்பொனி முடிந்துவிட்டது. இரண்டு பேருமே பாதி சரி. மைனர் ஸ்கேலில் நிஷாதம் இரண்டு விதமாகவும் வரும். அவர்கள் கோட்டைவிட்டது வேறு. அந்த இசையின் உயிர், ஒரே சமயத்தில் பல குரல்கள் தனித்தனி வழியில் போய் ஒன்றோடொன்று மோதி இணங்குவதில் இருக்கிறது. நம்மவர் காது மேலே போகும் மெட்டை மட்டும் கொத்திக்கொண்டு வரும். அடியில் செல்லோக்கள் படும் பாடெல்லாம் அவருக்குச் சுருதிப்பெட்டிக் கணக்கு.

கடைசியாக அந்தத் திரை. எதிரே நின்று கோலை அசைத்தால், திரையில் இருக்கும் வியன்னா பில்ஹார்மோனிக் நம் வேகத்துக்கு வாசிக்கும். “நம்ம ஜுபின் மேத்தா இவங்களோட புத்தாண்டுக் கச்சேரியை அஞ்சு தடவை நடத்தியிருக்கார்,” என்று சொல்லிக்கொண்டே கோலை வாங்கினார். மேத்தா மும்பைக்காரர், அந்த ஒரு உரிமை போதும். தேர்ந்தெடுத்தது யோஹான் ஸ்ட்ராஸின் நீல டான்யூப், 1867-இல் வந்த வால்ட்ஸ். மூன்று எண்ணிக்கை என்றதும் திஸ்ரம் என்று முடிவுகட்டி, கோலைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, மிச்சத்தை விரலில் எண்ணினார். விரல் எண்ணுவது இயந்திரத்துக்குத் தெரியுமா? கோல் அசையவில்லை. இசை தவழ ஆரம்பித்தது. “ஆஹா, விளம்ப காலம்!” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

குழு நின்றுவிட்டது. திரையிலிருந்த வாத்தியக்காரர் ஜெர்மனில் பொரிந்து தள்ளினார்.

“என்னவாம்?”

“உங்களைத்தான் திட்டறார்,” என்றார் மனைவி.

“பக்கவாத்தியம் சரியில்லை,” என்று கோலைக் கீழே வைத்தார்.

கேலி போகட்டும். அந்தப் பேருந்தில் வந்தவர்களில் பாதிப் பேர் மொசார்ட் படம் போட்ட சாக்லேட் வாங்கக் கடைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் செல்ஃபியில். ஹெட்போனைக் கழற்றாமல் நின்றவர்கள் அந்தச் சண்டைக்காரர்கள் இரண்டு பேர்தான். மெட்டை மட்டும் கேட்டாலும், கேட்டவர்கள் அவர்களே. அவரோடு போகப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை: சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.