புதுப் பாம்புக்காரர்

நாய் வளர்ப்பவரை நாயே குரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பூனை வளர்ப்பவரைப் பேன்ட்டில் ஒட்டிய முடி காட்டிக்கொடுக்கும். புதிதாகப் பாம்பு வாங்கியவரை யாரும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. லிஃப்ட் இரண்டாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்குப் போவதற்குள் அவரே சொல்லிவிடுவார்.

இந்த இனம் சென்னையின் ஓ.எம்.ஆர். பக்கத்து அடுக்ககங்களில் அதிகம் தென்படுகிறது. வயது முப்பதை நெருங்குகிறது, ஐ.டி. வேலை, கல்யாணம் ஆகவில்லை. “பாம்பா?” என்று நீங்கள் ஓரடி பின்னால் போவதற்குள் செல்போனை நீட்டுவார். பாம்பின் படம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம், அது அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்த ரசீது. நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு என்று நம்மூர்ச் சரக்கை வீட்டில் வைத்திருந்தால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும், இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பால் பைதான், சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு இனம், 2024இல் வந்த விதிப்படி பதிவு செய்தாகிவிட்டது சார் என்று மூச்சுவிடாமல் சொல்வார். இதே மனிதர் ஆதார் அட்டையில் இன்னும் பழைய முகவரியை மாற்றவில்லை.

புதிதாக வந்த பாம்பை வீட்டுக்குப் பழக்குவது எப்படி என்று அவர் படிக்காதது இல்லை. கூண்டின் ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி. ஒவ்வொரு பக்கத்திலும் உடம்பு உரசுகிற மாதிரி இறுக்கமான ஒரு பொந்து. ஒரு கிண்ணம் தண்ணீர். முதல் ஒரு வாரம் தொடக்கூடாது, இரை வைக்கக்கூடாது, எட்டி எட்டிப் பார்க்கக்கூடாது. இரை எடுத்தபின் 48 மணி நேரம் கையில் தூக்கக்கூடாது. எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் இந்த விதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருகிற விடை, ‘சும்மா இரு’ என்பதுதான். ஒரு ஸ்பிரெட்ஷீட், மூன்று வெப்பமானி, இரவிலும் தெரிகிற கேமரா எல்லாம் வாங்கிவிட்ட மனிதரால் அது மட்டும் முடியாது. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் போலப் பாம்பை விழுந்து விழுந்து கவனிக்கிறார். பொந்தைத் தூக்கி, உள்ளேதான் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். மூடுவார். மூடிய சத்தத்தில் பயந்திருக்குமோ என்று மறுபடி தூக்குவார்.

பயந்தால் இந்தப் பாம்பு தலையை நடுவில் வைத்துச் சுருண்டு பந்தாகிவிடும். சீறவும் கடிக்கவும் அவ்வளவாக வராது. விருந்தாளிகளுக்கு முன்னால் அந்தப் பந்தை உள்ளங்கையில் ஏந்தி, “எவ்வளவு சமத்தா உட்கார்ந்திருக்கு பாருங்க” என்பார். அது சமத்து இல்லை, திகில். பாம்புக்கு இமை கிடையாது, தூங்கும்போதும் கண் திறந்தேதான் இருக்கும். “ராத்திரி பூரா என்னையே பார்த்துட்டிருந்துச்சு சார்” என்று அவர் குரல் தழுதழுப்பதற்குக் காரணம் இதுதான். தோல் உரிப்பதற்குமுன் கண் நீலம் பாய்ந்து மங்கும். அதைப் பார்த்துவிட்டுக் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று கால்நடை மருத்துவரை எழுப்பினார். மருத்துவர் வந்து பார்த்துச் சொன்ன ஒரே புதுச் செய்தி, மணிகண்டன் என்று அவர் பெயர் வைத்திருந்த பாம்பு பெண் என்பது. அன்று மாலையே மணிமேகலை என்று பெயர் மாறியது. கூப்பிட்டால் முன்பும் திரும்பியதில்லை, பின்பும் திரும்பவில்லை.

சென்னையின் சூடும் புழுக்கமும் மேற்கு ஆப்பிரிக்கப் பாம்புக்குப் பெரும்பாலான நாள் தோதானவை. ஆனால் பாம்புக்குத் துணையாக இவரும் அதே அறையில் படுக்கிறார், இவருக்கு ஏ.சி. வேண்டும். ஏ.சி. போட்டதால் பாம்புக்குக் குளிரும், ஆகவே ஹீட் மேட். ஒரே அறையில் குளிரவைக்கவும் சூடாக்கவும் மின்சாரம் வாங்குகிற இவரை மின்வாரியம் கௌரவிக்க வேண்டும்.

இரை வைக்கும் சடங்கு தனி. முட்டைகூட நுழையாத வீடு. அதில் இவருக்கென்று ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், அதில் ஐஸ்கிரீம் டப்பா, டப்பாவில் உறைந்த எலிகள். ஒன்றை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் ஊறவைத்து, டிஷ்யூவால் ஒற்றி, தங்கையின் ஹேர் டிரையரால் அதன் மூக்கைச் சூடாக்குவார். பால் பைதானின் மேலுதட்டில் உள்ள குழிகள் சூட்டை உணரும், ஆகவே மூக்கு சுடவேண்டும். பிறகு இடுக்கியில் பிடித்து ஆட்டுவார். பாம்பு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவுக்குமேல், “இன்னிக்கும் சாப்பிடல ப்ரோ” என்று செய்தி போகும். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் கொழுகொழுவென்று இருக்கிற இனம் அது. இவர்தான் இளைத்துப்போனார்.

“புத்துக்குப் பால் ஊத்துறோமே, அதுவாவது வையேன்டா” என்றாள் அம்மா, கதவுக்கு வெளியிலிருந்தே.

“பாம்பு பால் குடிக்காதும்மா.”

“எத்தனை வருஷம் இருக்கும் இது?”

“முப்பது வருஷம் சாதாரணமா இருக்கும். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில இதே ஜாதி, அறுபது வயசைத் தாண்டினது. 2020ல ஏழு முட்டை போட்டுச்சு. ஆண் துணையே இல்லாம!”

“அறுபது வயசுல பாம்புக்கே குடும்பம் ஆகுது. நீ ஜாதகத்தைக் கையில எடுக்க விட மாட்டேங்கிற. தரகர் வேற நாக தோஷம் இருக்கான்னு கேக்கறார். எதிர்த்த ரூம்லயே இருக்குன்னா சொல்லட்டும்?”

இதற்கு அவரிடம் பதில் இல்லை. நல்லவேளையாக அந்த வாரமே அலுவலகம் அவரைப் பெங்களூருக்கு அனுப்பியது. அம்மா அந்த அறைப் பக்கமே போகவில்லை. விளக்குப் போடவில்லை, பொந்தைத் தூக்கவில்லை, பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஹீட் மேட் தன்பாட்டுக்கு ஓடியது. வாங்கி வந்ததிலிருந்து பாம்புக்கு முதல்முறையாக ஒரு வாரம் கிடைத்தது.

அவர் திரும்பி வந்த ராத்திரி எலியைக் காட்டியதுதான் தாமதம், லபக்கென்று கவ்வி விழுங்கிவிட்டது. மறுநாள் லிஃப்ட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“நான் இல்லாம ஏங்கிப் போயிட்டா சார். இனிமே அவளை விட்டுட்டு எங்கயும் போறதா இல்ல. ஒர்க் ஃப்ரம் ஹோம் எழுதிக் கொடுத்துட்டேன்.”